இரவல் பாதம்

விடிந்து சற்று நேரத்தில் செண்பகவடிவின் பாதங்கள் தாமிரபரணிக்குள் இறங்கின.

அவள் பாளையங்கோட்டையில் தன் வீட்டுக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவளுடைய இரண்டு கால்களும் யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துபோன சாமான்களைப் போல அசையாமல் கிடந்தன. ஆனாலும் படித்துறையின் கடைசிக் கல்லில் பாசி வழுக்கியது. உள்ளங்கால் முழுக்கக் குளிர் பரவியது. பிறகு மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து குதிகாலைக் கொத்தத் தொடங்கின.

வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலைமாட்டில் கிடந்த போனை எடுத்தாள்.

"ஏட்டி இசக்கி, கரையேறு. கூசுது."

"மீனு நல்லாக் கடிக்கா மதினி?"

"கடிக்கு. இடது குதிவெடிப்புல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கான். அந்த வெடிப்புக்குக் களிம்பு போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"மருந்துக்கடைக்காரிய எங்க அண்ணன் கட்டுனாலும் கட்டுனான், ஆத்துக்குள்ள நின்னாக்கூடக் களிம்புப் பேச்சுதான். இருங்க, இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும். உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்."

இசக்கியம்மாள், வடிவின் கணவன் சுடலைமுத்துவின் தங்கை. அவள் உள்ளங்கால்கள் இரண்டிலும், விரல்களைச் சுற்றியும், வெங்காயத் தோல் போல ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. அது எதை மிதிக்கிறதோ அந்தச் செய்தி வடிவின் முதுகில் பதித்திருந்த சிறிய வில்லைக்கு வந்து சேரும். கால் இசக்கியுடையது. அதில் படும் மண்ணும் கல்லும் தண்ணீரும் வடிவுக்கும் சேர்த்து.

வடிவுக்கு இந்த நோய் வந்தது முந்தின வருடத்துக்கு முந்தின ஐப்பசியில். நல்ல மழைக்காலம். மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவளுக்கு இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடாவை யாரோ இறுக்குவது போலிருந்தது. வீட்டுக்கு வந்து நாடாவைத் தளர்த்திப் பார்த்தாள். இறுக்கம் போகவில்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் தரை இல்லை. தரை இருந்தது, காலுக்குத்தான் அது தெரியவில்லை. மாலைக்குள் இடுப்புக்குக் கீழே எல்லாமே அவளை விட்டுப் போயிருந்தன.

ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது என்று தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொன்னார்கள். தாலி அன்றைக்கே கழுத்துக்குத் திரும்பிவிட்டது. கால் வீங்கியிருந்ததால் மெட்டி ஏறவில்லை. வீக்கம் வடிந்த பிறகு சுடலைமுத்து எடுத்து வந்தபோது வடிவு, "தெரியாத காலுக்கு எதுக்குங்க அலங்காரம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் மினிபஸ் ஓட்டுகிறவன். பிரேக்கை மிதிக்கத் தெரிந்த அளவுக்கு வாயைத் திறக்கத் தெரியாது. மறுபேச்சில்லாமல் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"முதுகெலும்புக்குள்ள ஓடுற நரம்புக் கயித்துல அழற்சி," என்றார் டாக்டர் ஜெசிந்தா. "உடம்பு தன்னையே பகையாளின்னு நினைச்சுத் தாக்கியிருக்கு. தாக்குதலை நிறுத்தியாச்சு. இனி கயிறு எவ்வளவு தப்பிச்சிருக்குன்னு பார்க்கணும்."

"நடந்துருவாளா?" சுடலைமுத்து ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"மூணு பேருக்கு வந்தா ஒருத்தர் கிட்டத்தட்டப் பழையபடி எழுந்துடுவாங்க. ஒருத்தர் பாதி தூரம் வருவாங்க. நடை இருக்கும், கம்பும் இருக்கும், எரிச்சலும் சிறுநீர்த் தொல்லையும் கூடவே இருக்கும். இன்னொருத்தர் வண்டியிலேயே இருந்துடுவாங்க. இவங்க அதுல யாருன்னு இன்னைக்கே நான் சொன்னா அது ஜோசியம். வர்றதுல பெரும்பங்கு முதல் சில மாசத்துல வந்துடும். மிச்சம் மெதுவா, ரெண்டு வருஷம் வரைக்கும் வரலாம்."

முதல் சில மாதங்களில் வந்தது கொஞ்சம்தான். முழங்காலை லேசாகத் தூக்க முடிந்தது. பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் நிற்க முடிந்தது. ஆனால் காலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பார்வை விலகினால் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் சரிந்துவிடுவாள். பாதம் வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் டாக்டர் இரவல் பாதத்தைப் பற்றிச் சொன்னார்.

"கயித்துல சில இழை அறுந்துபோச்சு. சில இழை நல்லாத்தான் இருக்கு, ஆனா வேலையில்லாம கிடக்கு. ஆள் நடமாட்டமே இல்லாத தெருவுக்கு யாராவது விளக்கு போடுவாங்களா? மூளையும் அப்படித்தான். சேதி வராத காலை அது கைவிட்டுடும். அதுக்குள்ள வேற ஒருத்தர் பாதத்தோட சேதியை அந்த வழியா அனுப்பிக்கிட்டே இருந்தா தெரு உயிரோட இருக்கும். சொந்தச் சேதி வர்ற அன்னைக்கு வழி இருக்கும்."

சுடலைமுத்து உடனே செருப்பைக் கழற்றினான். டாக்டர் அவன் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உங்க ஒரு கால்ல அவங்க ரெண்டு கால் இருக்கும். உயரம், எடை, நடை ஓரளவாவது ஒத்துப்போகணும். அப்புறம் ஒரு தடவை ஜோடி சேர்த்தா மாத்த முடியாது. தண்டுவடம் அந்த ஒரு பாதத்தைத்தான் பழகும்."

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். எதையும் நாலு தடவை யோசித்து, யோசித்ததையும் நம்பாமல் ஐந்தாவது தடவை கேட்கிற பெண் அவள். "எனக்குச் சரியா நடக்க வருமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இருபத்து மூணு வருஷமா என்ன செய்துக்கிட்டிருக்கீங்க?"

"நடக்கேன். ஆனா அது எனக்காக மட்டும் நடந்தது. தப்பா நடந்தாலும் யாருக்கும் தெரியாது."

முதல் வாரங்களில் அவள் நடையைத் தாங்கவே முடியவில்லை. தலையில் பால்குடம் சுமப்பவளைப் போல ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தாள். வெயிலில் தார்ரோட்டை மிதிக்க மாட்டாள், மதினிக்குச் சுடும். கூழாங்கல்லில் ஏற மாட்டாள், மதினிக்குக் குத்தும். "ஏட்டி, நாய்க்குப் பயந்தவ மாதிரி நடக்காத. கொஞ்சம் சுடட்டும். எனக்குச் சுட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று வடிவு கெஞ்சிய பிறகுதான் அவள் கால் சகஜமானது.

சகஜமானதில் வேறு சங்கடங்கள் வந்தன. வடிவுக்கு இசக்கியின் நாள் முழுக்கத் தெரிந்தது. காலையில் கறிக்கடை வாசலின் ஈரம், பகலில் வேலைக்குப் போகும் ஜவுளிக்கடையின் மாடிப்படி, மாலையில் பாலிடெக்னிக் வகுப்பில் பெஞ்சுக்குக் கீழே ஆடுகிற கால். இசக்கி மாலைநேர வகுப்பில் நில அளவை படித்தாள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் வலது காலால் இடது காலை அமுக்கிக்கொள்வாள். அந்த அமுக்கலில் வடிவு கட்டிலில் படுத்தபடியே பதறுவாள். தனியாக இருக்க வேண்டுமென்றால் இசக்கி குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உடனே வடிவு ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். காதை மூடினால் காலுக்குத் தெரியாமல் போய்விடுமா என்ன? இருந்தாலும் அவர்களுக்குள் அது ஒரு மரியாதை.

ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்குக் காத்திருக்கும்போது மற்றவர்களின் கதைகளும் காதில் விழும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில் முதலாளி. அவருக்குக் கால் இரவல் கொடுத்தவர் மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவர். முதலாளிக்கு நாள் முழுக்கக் குதிகால் வலி. "கொஞ்சம் உட்காருமேய்யா," என்று போனில் கெஞ்சுவாராம். "நான் உக்காந்தா எங்க வீட்டு அடுப்பும் உக்காந்துரும் மொதலாளி," என்பாராம் அவர். கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆளாளுக்குத் தங்கள் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு மாலை. வடிவின் இடது பெருவிரல் தரையில் வட்டம் போட ஆரம்பித்தது. சின்ன வட்டம், அதைச் சுற்றிப் பெரிய வட்டம், பிறகு ஒரு இழுப்பு. மறுநாளும் அதே நேரத்தில் அதே வட்டம். மூன்றாம் நாள் வடிவு போனை எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, எவன் முன்னால நின்னு கால்ல கோலம் போடுத?"

பதிலுக்குக் குதிகால் இரண்டு தட்டுத் தட்டியது.

"தட்டாத. ரேடியோ ரிப்பேரு. பேரு என்ன?"

"...வெயிலுமுத்து. கூடப் படிக்கான்."

"என்ன சொல்லுதான்?"

"என்னத்தச் சொல்லுவான். வரப்புல நடக்கும்போது பிடிச்சுக்கோன்னு அளவுகோல நீட்டுதான். கைய நீட்ட தைரியமில்ல."

"நல்ல பையன்தான்," என்றாள் வடிவு. அன்று மாலை இசக்கியின் கால்கள் வீட்டுக்கு வந்த வேகத்தில் தன் தேகமே கட்டிலை விட்டு எழுந்து பறப்பது போல வடிவுக்கு இருந்தது.

இரவல் பாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சனிக்கிழமை மாலைகளில் இசக்கி ஒரு மணி நேரம் படலத்தைக் கழற்றி வைக்க வேண்டும். அதற்குக் கேட்கும் நேரம் என்று பெயர்.

"விருந்தாளி சத்தமாப் பேசிக்கிட்டிருந்தா வீட்டுக்காரர் முனகுறது காதுல விழாது," என்று டாக்டர் விளக்கியிருந்தார். "இரவல் சேதி நிக்கிறப்பதான் உங்க கால் ஏதாவது சொல்லுதான்னு தெரியும். ரெண்டு வருஷம் முடியுறப்ப சொந்தச் சேதி ஒண்ணுகூட வரலைன்னா ரெண்டு வழிதான். இணைப்பை நிறுத்திடலாம். இல்ல, கால் கொடுக்கிறவங்க ஆயுசு முழுக்கக் கொடுக்கச் சம்மதிச்சா அப்படியே தொடரலாம்."

சனிக்கிழமைகளில் இசக்கி கொல்லைப்புற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வடிவு கண்ணை மூடித் தன் காலைக் கேட்பாள். முதலில் பல வாரங்கள் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையில் அவள் முகம் விழுந்துவிடும், இரவு சாப்பிட மாட்டாள். பிறகு சித்திரையில் ஒரு சனிக்கிழமை, உள்ளங்காலில் லேசாகக் காற்று பட்டது. நூல் நூலாக, விட்டு விட்டு. மின்விசிறிக் காற்று! "ஏங்க, காத்து தெரியுதுங்க!" என்று அவள் கூவியதில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். சுடலைமுத்து சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். வாரா வாரம் காற்று வந்தது. வடிவு சாப்பிட்டாள், கோடு போட்ட பாதையில் நடைவண்டியைப் பிடித்து நின்று பழகினாள், இசக்கியின் கல்யாணத்துக்கு என்ன புடவை எடுப்பது என்றுகூடப் பேசினாள்.

ஆனியில் ஒரு சனிக்கிழமை. காற்று வந்துகொண்டிருந்தபோதே வலது சுண்டுவிரலில் சுரீரென்று ஒரு கடி. கட்டெறும்பு. வடிவு, "ஐயோ!" என்று கண்ணைத் திறந்தாள். வலிக்கிறதே! தன் காலில் வலி! சந்தோஷத்தில் எறும்பைத் தேடிக் குனிந்தாள்.

அப்போது யாரோ அந்த விரலைச் சொறிந்தார்கள். நகம் அழுந்த, நிதானமாக, கடிபட்ட இடத்தைச் சுற்றிச் சொறிந்தார்கள்.

அவளுடைய வலது கால் போர்வையின் மேல் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் எறும்பும் இல்லை, கையும் இல்லை.

வடிவு வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் போடாமல், "இசக்கி, இங்கன வா," என்றாள்.

இசக்கி வந்து வாசற்படியிலேயே நின்றாள். இடது கால் வலது காலின் மேல் ஏறி அமுக்கியது. அந்த அமுக்கலும் வடிவுக்குத் தெரிந்தது.

"என்னைக்குல இருந்து?"

"மதினி..."

"என்னைக்குல இருந்து கழட்டல?"

"சித்திரையில இருந்து," என்றாள் இசக்கி. "கழட்டின ஒவ்வொரு தடவையும் நீங்க செத்தவ மாதிரி கெடந்திய. அன்னைக்கு ராத்திரி சாப்பிட மாட்டிய. பார்க்க முடியல. சும்மா கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என்ன வந்துரப்போகுதுன்னு நெனச்சேன். எதையும் மிதிக்கல மதினி, சத்தியமா. ஃபேனு மட்டும் ஓடிக்கிட்டிருந்தது."

"அப்ப அந்தக் காத்து உன் காத்து."

இசக்கி அழுதாள். வடிவுக்கு அழுகை வரவில்லை. இரண்டு மூன்று மாதமாகத் தான் கொண்டாடியது பக்கத்து அறையின் மின்விசிறியை என்று நினைத்தபோது சிரிப்பு வரும் போலிருந்தது, அதுவும் வரவில்லை.

"இங்க வந்து உக்காரு," என்றாள் கடைசியில். "மூக்கச் சிந்து. அந்த வெயிலுமுத்து வீட்டுல என்ன சொல்லுதாவ? உண்மையச் சொல்லு. ஒரு பொய்யே போதும்."

உண்மை இதுதான். வெயிலுமுத்துவின் அம்மாவுக்கு இசக்கியைப் பிடித்திருந்தது. அந்தப் படலத்தைத்தான் பிடிக்கவில்லை. மணவறையில் மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போடுவான். அந்தத் தொடல் இன்னொருத்தன் பெண்டாட்டிக்கும் போய்ச் சேர்ந்தால் அது என்ன முறை என்று அவர் கேட்டார். ஆவணியில் முகூர்த்தம், அதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். இசக்கி முடியாது என்று சொல்லிவிட்டாள். ரெண்டு வருஷம் முடியும் ஐப்பசி வரை பொறுக்க முடிந்தால் பொறுக்கட்டும், இல்லையென்றால் வேறு பெண் பார்க்கட்டும்.

"ஐப்பசியில ஒண்ணும் வரலைன்னா?"

"ஆயுசுக்கும் எழுதிக் கொடுத்துருவேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"உங்க கழுத்துல மூணாவது முடிச்சப் போட்டது யாரு? நான்தான? நாத்தனார் போட்ட முடிச்சு. அவ்வளவு லேசுல அவுக்க விடமாட்டேன்."

வடிவு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மடியில் அந்தத் தலையின் பாரம் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் வெயிலுமுத்துவே வீட்டுக்கு வந்தான். ஒல்லியான பையன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஐப்பசி வரைக்கும் இருக்கட்டும். அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"உங்க அம்மா சொல்றதுல என்ன தப்பு?"

"தப்பில்லதான்," அவன் காதெல்லாம் சிவந்தது. "மெட்டி போடும்போது நீங்களும் சேர்ந்து இருக்கிற மாதிரின்னா எனக்கே கொஞ்சம்... கை நடுங்கும்."

"எனக்கு மட்டும் கூசாதா? ஆத்து மீன் கடிச்சதே எனக்குப் போதும், மாப்பிள்ளை கையெல்லாம் தாங்காது," என்றாள் வடிவு. இசக்கி அடுப்படியிலிருந்து வெடித்துச் சிரித்தாள். அவன் போன பிறகு வடிவு தன் முடிவைச் சொன்னாள்: முகூர்த்தத்துக்கு முதல் நாள் கழற்றிவிட வேண்டும்.

டாக்டர் ஜெசிந்தா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரம் நிறுத்தலாம். ரெண்டு மூணு நாள் நின்னுபோச்சுன்னா தண்டுவடம் அந்தப் பாதத்தை மறந்துடும். மறுபடி ஒட்டாது. சொந்தச் சேதி வந்ததா இதுவரைக்கும் உறுதியான அடையாளம் ஒண்ணும் இல்ல. இப்ப நிறுத்தினா கையில இருக்கிறதும் போயிடலாம். யோசிச்சீங்களா?"

"போயிடலாம்னு சொல்லுதிய. போயிரும்னு சொல்லல."

"ரெண்டையும் சொல்ல எனக்குத் தெரியாது வடிவு."

"அப்ப நான் சொல்லுதேன் டாக்டர். அந்தப் புள்ளைக்கு ஒரு காலாவது சொந்தமா இருக்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, வீடு திரும்பும் வழியெல்லாம் இழக்கப்போவதை எண்ணிக்கொண்டே வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு இல்லை. ஈரச் சிமெண்ட் இல்லை, வெயிலேறிய தார் இல்லை. மூன்று பேரில் வண்டியிலேயே இருந்துவிடுகிறவள் தான்தான் என்று தெரிந்துபோகும். இதுவரை அது தெரியாமல் இருந்தது எவ்வளவு பெரிய சௌகரியம்!

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், கைகால் எல்லாம் மருதாணியோடு இசக்கி வந்து நின்றாள். "சாயங்காலம் ஆஸ்பத்திரியில கழட்டிருவாவ. அதுக்கு முன்னால எங்க போகட்டும் மதினி? ஆத்துக்கா?"

வடிவு யோசித்தாள். "மருந்துக்கடைக்குப் போ."

"களிம்பு வாங்கவா?"

"கவுண்டருக்குப் பின்னால, மாத்திரை அலமாரிக்கு நேரா ஒரு மொசைக் கல்லு இருக்கும். நான் நின்னு நின்னு நடுவுல லேசாக் குழிஞ்சிருக்கும். முதலாளிகிட்டக் கேட்டுக்கிட்டு அதுல நில்லு. செருப்பில்லாம."

மணப்பெண் கோலத்தில் வந்து கவுண்டருக்குப் பின்னால் நிற்கக் கேட்டவளைப் பார்த்துக் கடை முதலாளி என்ன நினைத்தாரோ, வழி விட்டார். கட்டிலில் வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். குளிர்ந்த கல், அதன் நடுவில் தேய்ந்த வழுவழுப்பு, வலது ஓரத்தில் உடைந்த சில்லின் கூர். எட்டு வருடம் அவள் நின்ற இடம். இசக்கி அசையாமல் நின்றாள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள், அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு குதிகால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டியது.

வடிவு ரேடியோவைப் போடவில்லை.

மாலையில் அது நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போது போனில் சத்தம் அற்றுப்போவது போல, அவ்வளவுதான்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் வடிவின் சக்கர நாற்காலியை மணவறைக்கு மிக அருகில் போட்டிருந்தார்கள். சுடலைமுத்து பின்னால் நின்றான். புதுப்புடவையின் கரை மூடியிருந்த தன் கால்களை வடிவு பார்க்கவில்லை. பார்த்தால் கண் கலங்கும், கல்யாண வீட்டில் அது நல்லதில்லை. கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. வெயிலுமுத்துவின் அக்கா மூன்றாவது முடிச்சைப் போட்டாள். பிறகு மாப்பிள்ளை குனிந்து இசக்கியின் காலைத் தூக்கி அம்மியின் மேல் வைத்தான். சொன்னபடியே அவன் கை நடுங்கியது. கூட்டம் சிரித்தது.

மெட்டி விரலில் ஏறியது.

வடிவின் இடது காலில், இரண்டாவது விரலை ஏதோ வளைத்துப் பிடித்தது. குளிர்ச்சியாக, கொஞ்சம் இறுக்கமாக, கணுவைத் தாண்டும்போது ஒரு நெருடல். பிறகு அங்கேயே தங்கிவிட்டது.

பாவி! இந்தப் பொண்ணு கழட்டலை. நேற்று சேதியை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கழற்றியதாகச் சொல்லி மறுபடியும் ஏமாற்றிவிட்டாள். மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மணவறையிலேயே ஒரு பொய்யோடு உட்கார்ந்திருக்கிறாளே. கோபமும், அந்தக் கோபத்துக்கு அடியில் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும். ஆறு போகவில்லை. எல்லாம் இருக்கிறது.

மணமக்கள் சுற்றி வந்து பெரியவர்களிடம் ஆசி வாங்கினார்கள். இசக்கி நாற்காலிக்கு முன்னால் குனிந்ததும் வடிவு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, திருநீறு பூசுகிற சாக்கில் காதருகே போனாள்.

"ஏட்டி பொய்க்காரி. ஏன் கழட்டல?"

"என்னத்த மதினி?"

"இடது கால் ரெண்டாவது விரலு. மெட்டி ஏறினது எனக்குத் தெரிஞ்சுது. என்கிட்டயே கதை அளக்காத."

இசக்கி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கி, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலை மடக்கிக் காட்டினாள். படலம் ஒட்டியிருந்த இடம் வெளிறி, தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது. ஓரத்தில் மருதாணி. வேறு ஒன்றுமில்லை. குதிவெடிப்பில் களிம்பு மினுங்கியது.

"நேத்தே கழட்டியாச்சு மதினி. அண்ணனும்தான கூட வந்தான்? கேளுங்க."

வடிவு திரும்பிப் பார்த்தாள். சுடலைமுத்து நாற்காலிக்குப் பின்னால் இல்லை. பக்கவாட்டில் தரையோடு தரையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பழைய காகித மடிப்பு ஒன்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து நைந்திருந்தது. திருடும்போது பிடிபட்டவனைப் போல விழித்தான்.

"எல்லாரும் மணவறையத்தான பார்த்துக்கிட்டிருந்தாவ," என்றான். "அவ கால்ல ஏறும்போது உன் கால் வெறுங்காலா இருக்க வேண்டாமேன்னு... நீ திட்டுவேன்னு சொல்லாமப் போட்டேன்."

வடிவு புடவைக் கரையை விலக்கினாள். இரண்டு கால்களிலும் இரண்டாவது விரலில் அவளுடைய சொந்த மெட்டிகள் இருந்தன. வெள்ளி கறுத்திருந்தது.

"எது முதல்ல போட்டிய?"

"வலது."

"அது தெரியல," என்றாள் மெதுவாக. "இடதுதான் தெரிஞ்சுது."

நாதஸ்வரம் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. இசக்கியின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு ஏதோ நினைவு வந்து சுருங்கியது.

"அப்ப சித்திரையில இருந்து நான்தான் சத்தம் போட்டு... உங்க கால் பேசினதக் கேக்கவிடாம..."

"கல்யாணப் பொண்ணு கணக்குப் பார்க்காத. போய்ச் சாப்பிடு. மாப்பிள்ளை பசியில நிக்காரு," என்று வடிவு அவளைத் தள்ளினாள். தள்ளிய கை அவள் கன்னத்தில் ஒரு கணம் தங்கியது.

அவர்கள் நகர்ந்ததும் வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு விரல். ஒரே ஒரு விரல். அதுவும் நிஜமா, ஆசையா? ஒரு தடவை ஏமாந்தவளுக்குத் தன் விரலையே நம்பப் பயமாக இருந்தது.

"ஏங்க, இன்னொரு தடவை போடுங்க. எந்தக் காலுன்னு சொல்லாதிய."

பந்திக்குப் போகிறவர்கள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வடிவு காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை.

பிறகு அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"இன்னும் போடலைன்னு தெரியும்," என்றாள். "இடது கால்ல இருந்து இப்பதான கழட்டுதிய."